எட்டின் இடம்

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றியாயிற்று.
வேதாளைப் பாசிக் கூடத்தில்
கணக்கு இன்னும் பொய்தான் சொல்கிறது.

முத்துராக்கு பறித்துவந்த மரிக்கொழுந்துப் பாசி
தராசில் முப்பத்தெட்டு கிலோ.
ஜெனோவாவின் கார்பன் தாளில் முப்பத்தெட்டு.
மறுநாள் திரையில் முப்பது.
வேறொருத்தியின் கட்டக்கோரை
நாற்பத்தொன்பதாய் உள்ளே போய்
நாற்பத்தொன்றாய் வெளியே வந்தது.

மேலாளர் காளீஸ்வரனுக்கு
இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.
"அடிச்ச விரலுதான் எடுத்துச்சு.
மிச்சத்த வெளிய வித்திருப்பா."
பதினெட்டு நாளாக ஜெனோவா வேலைக்கு வரவில்லை.
உச்சிப்புளியிலிருந்து என்னைக் கூப்பிட்டது
டிஸ்க் மாற்ற மட்டும்.

நானும் முதலில் டிஸ்க்கைத்தான் திட்டினேன்.
சுற்றுவது அது, தேய்வது அது,
பழி போட வாகானதும் அது.
பிறகு கேபிள்.
பிறகு ரேமை விடிய விடியச் சோதனைக்கு விட்டு
கூடத்துப் பெஞ்சில் படுத்தேன்.
கச்சான் காற்று கூரைத் தகரத்தைத்
தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.
காலையில் பார்த்தால், பிழை ஏதுமில்லை.

ஒரே கோப்பை நூறு முறை நகலெடுத்தேன்.
நூறும் சரி.
ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் பிரதி போகும் நேரத்தில்
மறுபடி நூறு எடுத்தேன்.
மூன்று பிசகின.
அதே டிஸ்க்கைக் கழற்றி
என் கடைக் கணினியில் பூட்டினேன்.
அங்கே அது அரிச்சந்திரன்.

இரண்டாம் இரவு
முத்துராக்கு என்ற பெயர் கண்ணில் இடறியது.
அதில் ரகரம் மட்டும் வங்காள எழுத்தாகியிருந்தது.
ஜெனோவாவுக்கு வங்காளம் தெரியாது.
அவள் விரலுக்குக் கீழே
அந்த எழுத்துக்குக் கட்டையும் இல்லை.

கார்பன் தாள்களை மடியில் போட்டுக்கொண்டு
வித்தியாசத்தை மட்டும் எழுதினேன்.
எட்டு. எட்டு. எண்பது. எட்டு.
மறுபடி எட்டு.
ஏழு எங்கேயும் ஏழாகவே இருந்தது.
ஐந்தை யாரும் தொடவில்லை.
திருடுகிறவள் எட்டெட்டாகவா திருடுவாள்?

இயந்திரத்துக்கு ஒன்பது என்றால்
எட்டும் ஒன்றும்.
எட்டின் இடத்தில் இருக்கும் பிட் கழன்றால்
மிஞ்சுவது ஒன்று.
தமிழ் ரகரத்திலும் அதே இடம் கழன்றால்
வங்காள ரகரம்.

டிஸ்க்குக்கும் மற்றதற்கும் நடுவே
மதர்போர்டின் மூலையில் ஒரு சிப்செட்.
தென்பாலம் என்று அதற்குப் பெயர்.
இரண்டு பக்கமும் ஒன்றாய்ச் சரக்கு வந்தால்
நெரிசலில் ஒரு மூட்டையைத் தவறவிடும்.
விட்டதைச் சொல்லவும் சொல்லாது.
உப்புக் காற்றாயிருக்கும் என்று
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
துடைத்த பிறகும் எட்டு விழுந்தது.
பிறவிக் கோளாறு.

காளீஸ்வரன் முழுவதும் கேட்டார்.
"சரி, போர்ட மாத்திரு.
பில்லுல டிஸ்க்குன்னே போடு."

சாயங்காலம் ஜெனோவா வந்தாள்.
அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்,
பேக்கப்பில் சரியான கணக்கு இருக்குமா என்று.
அதுவும் அந்தப் பாலம் வழியாகத்தான் போனது என்றேன்.
பீரோவுக்கு அடியிலிருந்து
மீதிக் கார்பன் கட்டை இழுத்தாள்.
ஈரத்தில் ஒட்டியிருந்த தாள்களை
ஊதி ஊதிப் பிரித்தாள்.

முப்பத்தெட்டு என்று அடித்தாள்.
நின்றாள்.
"இந்த போர்டு மொத்தமா வாங்குனதுதான?
ஏர்வாடிக் கூடத்துலயும் இதுதான இருக்கும்?"
ஆமாம் என்றேன்.
"அங்க யார நிறுத்துனாங்க?"

காளீஸ்வரன் விசிறியைக் கூட்டி வைத்தார்.
தாள்கள் பறந்தன.
நானும் அவளும் குனிந்து பொறுக்கினோம்.